உயிலில் ஒரு பங்கு ஊருக்கு

தமிழ்நாட்டில் கொடுக்கும் மனத்துக்குக் குறைவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோதும், 2015இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோதும், முன்பின் தெரியாதவர்கள் அரிசி மூட்டைகளையும் போர்வைகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். பிள்ளையின் பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் நினைவுநாள் என்றால் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது சிற்றூர் வரை வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தச் சோற்றை வடிக்கும் சமையல்காரம்மாவின் மாதச் சம்பளத்தை யார் தருவது? செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்கு யார் பணம் கட்டுவது? ஆடிட்டர் கட்டணத்தையும் கரன்ட் பில்லையும் இரவுக் காவலரின் பி.எஃப். பணத்தையும் யாருடைய பிறந்தநாளில் சேர்ப்பது? ஓர் அறநிறுவனம் இருபதாவது ஆண்டிலும் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டுமானால் இந்தப் பணம்தான் முதலில் வேண்டும். கிடைப்பதோ கடைசியில், பல இடங்களில் கிடைப்பதே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க நம்மிடமே ஒரு பழைய வழி உண்டு. சொத்துள்ளவர்கள் தம் உயிலில் ஒரு சிறு பங்கைப் பொதுப்பணிக்கு எழுதிவைக்க வேண்டும். அறநிறுவனங்கள் அதைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்பதற்கான தகுதியைக் கணக்கு காட்டிப் பெற வேண்டும்.

மற்ற வழிகளில் இந்தப் பணம் ஏன் வராது என்பதை முதலில் பார்க்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் விதித்தது. சிஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பணம் பல பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கட்டடமாகவும் கருவியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் கார்பஸ் நிதிக்கு, அதாவது முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் நிரந்தர நிதிக்கு, அந்தப் பணத்தைக் கொடுத்தால் அது சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் சேராது. வெளிநாட்டு நன்கொடைக்கு வேறு வகைக் கட்டுப்பாடு. அதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்து தருவதையும் அது தடைசெய்தது. பெரிய அமைப்புகளிடம் பங்கு பெற்று ஓடிக்கொண்டிருந்த சிறு கிராம அமைப்புகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. மானியம் தருகிறவர்களும் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கு, அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் தருகிறார்கள். ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டே வருகிறது. அமைப்பு நிலைத்து நிற்பதற்கென்றே பணம் தரக்கூடியவர் என்று பார்த்தால், எஞ்சுவது தனிமனிதர்தான்.

கட்டுப்பட்ட பணத்தில் மட்டும் ஓடும் அமைப்புக்கு என்ன நேர்கிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் சிறப்புக் கல்வி ஆசிரியைக்குச் சம்பளம் நிற்கிறது. அவர் வேறு வேலை தேடிப் போகிறார். அவரோடு பழகி, அவர் சைகையைப் புரிந்துகொண்டு பேசத் தொடங்கியிருந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அடுத்த நிதியைத் தேடி நிர்வாகி அலையும் நாள்களில் பணியை மேற்பார்க்க ஆள் இல்லை. நன்கொடையாளரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, அழுக்குச் சட்டையும் கண்ணீருமாகக் குழந்தைகளின் படம் சமூக ஊடகங்களில் ஏறுகிறது. அந்தக் குழந்தையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. வளர்ந்த பிறகும் அந்தப் படம் அதைத் துரத்தும். இதற்கு மாற்றாக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் உயில் வழியாக விட்டுச்சென்ற 25 லட்சம் ரூபாய் 7 விழுக்காடு வட்டியில் இருந்தால் ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் வரும். மாதத்துக்கு 14,500 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு கிராமத்து மாலைநேரப் பள்ளியில் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள அது போதும். அடுத்த ஆண்டும் அந்தப் பணம் வரும் என்பது அந்த ஆசிரியருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அந்த உறுதியை நம்பித்தான் ஒருவர் ஓரிடத்தில் பத்தாண்டு தங்கி வேலை கற்றுக்கொள்கிறார்.

இந்தக் கணக்கைத் தமிழ் நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்கு நாள்தோறும் எரிவதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்பது அளவு. ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தார்கள். தினம் ஓர் உழக்கு நெய் அளப்பது அவர் கடமை. செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பதும் அவர் பொறுப்பு. ஆடு சாகும், மந்தை சாகாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. பணமாக வந்த கொடை ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. வட்டி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. கொடுத்தவர் யார், முதல் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, அதற்கு ஈடாக அவர் என்ன தர வேண்டும் என்பதெல்லாம் கோயில் சுவரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வெட்டப்பட்டன. நல்ல மனம் மட்டும் போதும் என்று அந்தக் காலத்துக் கொடையாளர்கள் நினைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. முதலைப் பிரித்து வைத்தார்கள், பொறுப்பாளியைப் பெயர் சொல்லி வைத்தார்கள், கணக்கை ஊரறியச் செய்தார்கள்.

அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் கோயில் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அது, கோயிலோடு சேர்ந்த ஒரு பள்ளி, ஒரு மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை ஆகியவற்றின் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டுச் சொல்கிறது. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவருபவர்களுக்கு இவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு இவ்வளவு என்று ஊதியம் பிரிக்கப்பட்டிருக்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உள்ளன. இன்று நன்கொடை தரும் பலர், தங்கள் பணம் சம்பளத்துக்குப் போகக்கூடாது, நேரே ஏழைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். மருத்துவரும் செவிலியும் இல்லாமல் ஏழைக்கு மருத்துவம் எப்படிப் போகும்? ஊதியம்தான் பணியின் உடல் என்பதைத் திருமுக்கூடலில் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த மருத்துவமனை கோயில் பணியாளருக்கும் அங்கே படித்த மாணவருக்குமானது. அந்தக் காலத்துக் கொடைகளின் பயன் எல்லாச் சாதியினருக்கும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மறைத்துப் பழம்பெருமை பேச வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் நிதி ஏற்பாட்டை. அதன் பயனை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியது நம் கடமை.

உயில் வழியாக வந்த கொடையின் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் தமிழ்நாட்டு உதாரணம் பச்சையப்ப முதலியார். ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய அவர், 1794இல் நாற்பது வயதில் மறைந்தார். அதற்கு முன் எழுதிய உயிலில் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென்று வைத்தார். ஆனால் சொத்து கைமாறிச் சிக்கலில் விழுந்தது, வழக்கு நீண்டது. மதராஸ் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியால் நீதிமன்றம் அந்த நிதியை மீட்டு ஒழுங்குபடுத்தியது. கோயில் கட்டளைகள் போக எஞ்சிய பணம் கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் முதல் பள்ளி திறக்கப்பட்டது. உயில் எழுதியவர் இறந்து 48 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியில் கணித மேதை ராமானுஜன் படித்தார், அண்ணா படித்தார், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். அந்த உயிலின் முதன்மை நோக்கம் கல்வி இல்லை என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. ஒரு மனிதர் ஒதுக்கிவைத்த பணம், அவரே எண்ணிப் பார்த்திராத பயனை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்துகொண்டிருக்கிறது. உயில் தெளிவாகவும் பொறுப்பாளர்கள் நம்பகமாகவும் இருந்திருந்தால் அந்த 48 ஆண்டுகள் வீணாகியிருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க மும்பையில் ஓர் உதாரணம் உண்டு. டாடா குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன் ரத்தன் டாடா 1918இல் இறந்தார்; அவருடைய உயிலின்படி 1919லேயே அறக்கட்டளை அமைந்துவிட்டது.

பச்சையப்பர் காலத்தை விட இன்று உயில் எழுதுவது எளிது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் பின்னால் எழும் சந்தேகங்கள் குறையும். தானமாகவோ செட்டில்மென்டாகவோ எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது அரிது. உயிலையோ சாகும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்வரை சொத்து எழுதியவருடையதே. முதுமையில் மருத்துவச் செலவு என்ன வருமோ என்று அஞ்சுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான கொடை கிடையாது. சுயமாகச் சம்பாதித்த சொத்தை இந்து ஒருவர் விரும்பியபடி எழுதலாம். பரம்பரைச் சொத்தில் தம் பங்கை மட்டும் எழுதலாம். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்கள், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தால்தான் அறப்பணிக்கான உயில் செல்லும் என்றிருந்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2003இல் செல்லாதென்று நீக்கியது. வங்கிக் கணக்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அதற்கு உரிமையாளர் வாரிசோ உயிலில் பெயர் உள்ளவரோதான். தவிர, வங்கியில் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும், ஓர் அறக்கட்டளையைப் போட முடியாது. ஆக, அறப்பணிக்கு விட்டுச்செல்ல விரும்புகிறவருக்கு உயில்தான் வழி.

வழி இவ்வளவு எளிதாக இருந்தும் நாம் ஏன் போவதில்லை? சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற எண்ணம் ஒரு காரணம். வங்கிகளில் பத்தாண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காமல் கிடந்து, ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்ட தொகை 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடி ரூபாய். அது முழுவதும் இறந்தவர்களின் பணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிவைக்காத பணம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அது சாட்சி. மற்றொரு காரணம், யாரும் கேட்பதில்லை என்பது. பிரிட்டனில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. உயில் எழுத வந்தவர்களிடம் எதுவும் கேட்காதபோது நூற்றில் சுமார் ஐந்து பேர் அறப்பணிக்கு எழுதினார்கள். எழுத விருப்பமா என்று கேட்டபோது அது சுமார் பத்தானது. உங்கள் மனத்துக்கு நெருக்கமான பொதுக்காரியம் ஏதேனும் உண்டா என்று சேர்த்துக் கேட்டபோது சுமார் பதினைந்தானது. பணமும் மனிதரும் மாறவில்லை. கேள்வி மட்டும் மாறியது. அங்கே கடலில் தவிப்போரைக் காக்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற இரு நூற்றாண்டுப் பழைய சங்கம், தன் படகுகள் கடலில் இறங்கும் பத்து முறைகளில் ஆறு, உயில்களில் வந்த பணத்தால் நடப்பதாகச் சொல்கிறது. பிரிட்டனில் இறப்புக்குப் பின் சொத்துமீது வரி உண்டு. அறப்பணிக்கு விடுவதற்கு அதில் சலுகை உண்டு. நம் நாட்டில் அந்த வரி 1985லேயே நீக்கப்பட்டுவிட்டதால் அந்தத் தூண்டுதல் இல்லை என்று சிலர் வாதிடலாம். ஆனால் அந்த ஆய்வில் ஐந்தைப் பதினைந்தாக்கியது வரி இல்லை. வரி மூன்று பிரிவினருக்கும் ஒன்றுதான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, பெற்ற பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை ஊருக்கு எழுதுவது முறையா என்பது. நம் குடும்ப வாழ்வில் இது மிக நியாயமான கேள்வி. வீட்டை விற்று மகளைப் படிக்கவைத்தவர்களும், கடனோடு மகனை வளர்த்தவர்களும் நிறைந்த ஊர் இது. ஓர் ஓட்டு வீடு மட்டுமே சொத்தாக இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள பெற்றோரின் முதல் கடமை அந்தப் பிள்ளைக்குத்தான். நான் சொல்வது, வீடும் மனையும் வைப்புத்தொகையும் சேர்த்து வைத்திருக்கும் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களைப் பற்றி. அங்கே பத்தில் ஒரு பங்கு பொதுக்காரியத்துக்குப் போனால், மீதி ஒன்பது பங்கு பிள்ளைகளிடம் இருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், 2021 மதிப்பீட்டில் மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். முதியோர் பெருகி வாரிசுகள் குறையும் சமூகத்தில், அந்த முதியோரைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளுக்கும் சொத்தில் ஒரு பங்கு போவது, பிள்ளைகளின் சுமையைத்தான் குறைக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. உயிலைப் பற்றி அமைப்புகள் பேசத் தொடங்கினால், தனித்து வாழும் முதியவர்களை நயந்தும் நச்சரித்தும் சொத்தை எழுதி வாங்குவது நடக்காதா? நடக்கும் என்றே வைத்துக்கொண்டு விதிகளை வகுக்க வேண்டும். உயிலால் பயன் பெறுகிறவரே அதை எழுதுவதில் முன்னின்றால், ஐயத்தைப் போக்கும் சுமை அவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே சொல்லிவிட்டது. அறநிறுவனங்கள் அதையும் தாண்டிச் சில வரம்புகளைத் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டும். உயிலை எழுதும் வழக்கறிஞரை நன்கொடையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். அமைப்பின் ஆட்கள் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லும்படி நன்கொடையாளரைத் தூண்ட வேண்டும். நிதி திரட்டும் ஊழியருக்குக் கமிஷன் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முதியோர் இல்லம் தன் பராமரிப்பில் இருப்பவரிடம் அவருடைய சொத்தை ஒருபோதும் கேட்கக்கூடாது. சோறு போடும் கை கேட்கும்போது மறுக்க அவருக்குச் சுதந்திரம் கிடையாது. கேட்பதை இப்படி வெளிப்படையாக, எழுத்தில் உள்ள விதிகளோடு செய்தால் முதியவருக்குப் பாதுகாப்பு கூடும். மறைவில் கேட்பவர்களுக்கு இன்று எந்த விதியும் இல்லை.

மூன்றாவது கேள்வியைத்தான் வாசகர்களில் பெரும்பாலோர் இந்நேரம் மனத்தில் கேட்டிருப்பார்கள். கொடுத்துவிட்டுச் சாகிறோம், கொடுத்ததைத் தின்றுவிட மாட்டார்களா? இந்த அச்சம் வெறும் பிரமையில்லை. கோயில் நிலங்கள் ஆக்கிரமிப்பில் போனதை ஊர் ஊராகக் காணலாம். பச்சையப்பன் அறக்கட்டளையே நிர்வாகத் தகராறுகளால் உயர் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் இருக்க நேர்ந்தது. இதற்குத் தீர்வு, கொடுக்காமல் விடுவதில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைச் சட்டமும் அதைப் பார்த்துக்கொள்ள அறக்கொடை ஆணையரும் உண்டு. இங்கிலாந்தில் 1853 முதல் அறக்கொடை ஆணையம் இருக்கிறது. அதில் பதிவான அமைப்பின் வரவு செலவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கோயில்களுக்கு ஒரு துறையும், வக்ஃப் சொத்துகளுக்கு ஒரு வாரியமும், சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்து தொடங்கும் பொது அறக்கட்டளைகளை மொத்தமாகக் கண்காணிக்க ஒரு பொதுச் சட்டம் இல்லை. இவை வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்கின்றன. பொதுமக்கள் கண்ணில் அது படுவதில்லை. பதிவான ஒவ்வொரு பொது அறக்கட்டளையின் பெயர், பொறுப்பாளர்கள், சொத்து, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைத் தமிழில் ஒரே இணையதளத்தில் வெளியிட அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். சோழர் காலத்தில் சுவரில் இருந்த கணக்கு, இன்று அலமாரிக்குள் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

நான்காவதாக, இன்றைக்குப் பசியோடு இருப்பவர் இருக்க, நாளைக்கென்று பணத்தைப் பூட்டிவைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பணவீக்கம் அந்த வட்டியைத் தின்றுவிடும், நோக்கமும் காலாவதியாகிவிடும் என்றும் சொல்வார்கள். பச்சையப்பன் நிறுவனங்கள் நீண்ட காலம் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தன என்பதைப் பார்க்கும்போது, பழைய கட்டுப்பாடுகள் புதிய காலத்தை எப்படி அழுத்தும் என்பது புரியும். இதில் உண்மை இருப்பதால்தான் உயிலின் வாசகம் முக்கியமாகிறது. கிராமத்துப் பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கு என்று எழுதுவது நல்லது. பிரெய்ல் தட்டச்சுப் பொறி வாங்க மட்டும் என்று எழுதினால் இருபது ஆண்டில் அது பயனற்றுப் போகும். நோக்கம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால் அதற்கு மிக நெருங்கிய பணிக்குப் பொறுப்பாளர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்காவிட்டாலும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் நீதிமன்றம் மாற்றித் தரலாம். ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும். வட்டி முழுவதையும் செலவிடாமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவந்தால் பணவீக்கத்துக்கு ஈடுகொடுக்கலாம். அமைப்புக்கு உடனடித் தேவை பெரிதாக இருந்தால், கொடையில் பாதியை நேரடிச் செலவுக்கும் பாதியைக் கார்பஸுக்கும் எழுதலாம். இன்றைய பசிக்குக் கொடுப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. உயில் கொடை, வாழும்போது கொடுப்பதற்கு மேலதிகமாக வருவது. கொடுப்பவரின் அன்றாடத்திலிருந்து ஒரு பைசாவும் அதற்குப் போவதில்லை.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலையல்லவா என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். பள்ளியும் மருத்துவமனையும் அரசின் கடமை. தனியார் கொடை அதற்கு மாற்றாகாது. ஆனால் அரசு இன்னும் கை வைக்காத இடத்தில் முதல் அடியை எடுத்துவைப்பது பெரும்பாலும் கொடைதான். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நிதி திரட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கினார். இன்று நாட்டின் முக்கியமான புற்றுநோய் மையங்களில் அது ஒன்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அந்த வறண்ட சீமைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் கொடை அரசை விலக்கிவைக்கவில்லை, வரவழைத்தது. முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றை நடத்திக் காட்டும் துணிவு, யாரிடமும் கையேந்தாத பணத்துக்கு உண்டு.

தமிழர்களுக்கு இந்த வகைக் கொடையில் நம்பிக்கையில்லை என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்கவாழ் தமிழ் மருத்துவர்கள் இருவர் தொடங்கிவைத்த நிதிக்கு உலகெங்கும் இருந்து பணம் வந்தது. தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018இல் தொகை நிறைவடைந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 30 லட்சம் கனடிய டாலரில் மற்றோர் இருக்கைக்கான நிதி, பெரும்பாலும் ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழர்களின் முயற்சியால் 2021இல் நிறைவேறியது. இரண்டுமே முதலைத் தொடாமல் வருமானத்தில் நடக்கும் ஏற்பாடுகள். சிறுகச் சிறுகக் கொடுத்தவர்கள், தம் பணம் நூறாண்டு கழித்தும் தமிழுக்கே செலவாகும் என்று நம்பினார்கள். நம்பும்படி அந்தப் பல்கலைக்கழகங்களின் விதியும் கணக்கும் இருந்தன. அந்த நம்பிக்கையை உள்ளூரில் உண்டாக்க முடிந்தால் பணம் உள்ளூருக்கும் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரின் கொடை, சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அமைப்புக்குத் தனிப் பதிவு வேண்டும். புலம்பெயர்ந்தவர்கள் இதையும் கேட்டறிந்து எழுத வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. உயில் எழுதுகிறவர் அமைப்பின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி, கொடையின் நோக்கம் ஆகியவற்றைப் பிழையின்றி எழுத வேண்டும். நிரந்தர நிதிக்கென்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். அமைப்பு இல்லாமல் போனால் யாருக்கு என்பதையும் குறிக்க வேண்டும். நம்பகமான ஒருவரை நிறைவேற்றுநராக நியமித்து, உயில் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அறநிறுவனங்கள் ஆண்டறிக்கையிலும் அலுவலகச் சுவரிலும் தம் கணக்கைத் தமிழில் வைத்து, அதன் பக்கத்திலேயே உயில் கொடையை வரவேற்கிறோம் என்று எழுத வேண்டும். சிறு அமைப்புகள் தனித்தனியே நிதியைக் காக்க முடியாவிட்டால், மாவட்ட அளவில் சேர்ந்து ஒரு பொது நிதியை அமைத்துக்கொள்ளலாம். அரசு அறக்கட்டளைப் பதிவேட்டை மக்களுக்குத் திறக்க வேண்டும். வழக்கறிஞர்களும் பத்திர எழுத்தர்களும் உயில் எழுத வருகிறவரிடம், மனத்துக்குப் பிடித்த பொதுக்காரியம் ஏதேனும் உண்டா, அதற்கு ஒரு பங்கு எழுத விருப்பமா என்று கேட்பதை வழக்கமாக்க வேண்டும். வேண்டாம் என்பவரை மறுபடி கேட்கத் தேவையில்லை. ஆம் என்பவர் நூற்றில் பத்துப் பேர் இருந்தால்கூட, இன்று மாதக் கடைசியில் சம்பளத்துக்குத் தவிக்கும் பல பள்ளிகளும் இல்லங்களும் தம் ஊழியர்களிடம் அடுத்த ஆண்டைப் பற்றி உறுதியாகப் பேச முடியும்.